எழுந்து நடந்தால் கூப்பிட வேண்டும்

நண்டு வியாபாரம் முழுவதையும் நான் காலால்தான் செய்தேன். படகுக்காரர் ஒரு விலை சொல்வார். நான் ஒரு விலை சொல்வேன். அவர் உதட்டைப் பிதுக்குவார். "சரி, உன் நண்ட நீயே வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு, துண்டை ஒரு உதறு உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நடப்பேன். ஏலக் கூடத்தின் கடைசித் தூணைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து குரல் வரும். "யோவ், இன்னாய்யா, கோச்சுக்கினு போற? வா, வா." நாற்பது வருடத்தில் ஒரு நாள்கூட நான் அந்தத் தூணைத் தாண்டியதில்லை. அப்படி நடந்து நடந்தே பழவேற்காட்டில் மூன்று மாடி வீடு கட்டினேன். இரண்டு ஐஸ் வண்டி வாங்கினேன். வீட்டுக்குப் பின்னால் வாடகைக்கு நாலு போர்ஷன் எழுப்பினேன். ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை இழுத்த பையன் இதையெல்லாம் செய்தான் என்றால், அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் எதற்கு?

படிப்பு நாலாம் வகுப்பு. "நீ உருப்படவே மாட்டே" என்று என் காதைத் திருகிய வாத்தியாரின் பேரன்தான் என் முதல் ஐஸ் வண்டியை ஓட்டுகிறான். நல்ல பையன். காதை நான் திருகுவதில்லை.

ஒரே மகள். அவளைப் படிக்க வைத்தேன். ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கும் வேலை. மாப்பிள்ளை வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். காட்டுப்பள்ளித் துறைமுகம் வேண்டாம் என்று கலெக்டர் ஆபீஸ் வாசலில் வெயிலில் உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன். முதல் வரிசை. தொண்டை கட்டும்வரை கத்தினேன். துறைமுகம் நான் கத்தியதைக் கேட்டு மிகவும் பயந்துபோய் இன்னும் கொஞ்சம் பெரிதானது. அங்கிருந்துதான் எனக்கு மாப்பிள்ளை வந்தார், கிரேன் ஓட்டுபவர். கலெக்டர் ஆபீஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களே கல்யாணப் பந்தியிலும் என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். யாரும் கோஷம் போடவில்லை. வாயில் வஞ்சிரம் இருந்தது.

பிறகு மாப்பிள்ளைக்கு வெளிநாட்டுத் துறைமுகத்தில் வேலை கிடைத்தது. மகளும் அங்கே ஒரு பரீட்சை எழுதி, முதல் தடவை தவறி, இரண்டாம் தடவை தேறி, ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். பேத்தி அங்கேயே பிறந்தாள். ஊரில் யார் கேட்டாலும் "துபாய்" என்றேன். உண்மையில் அது ஷார்ஜா. துபாய்க்குப் பக்கத்து ஊர். எங்கள் ஊர்க்காரர் வெளியூரில் "சென்னை" என்று சொல்லிக்கொள்வதில்லையா, அந்த மாதிரி.

ஒருநாள் காலையில் மகள் போன் செய்தாள்.

"நைனா, வீட்டு ஓனரு வாடகைய ஏத்திட்டாரு. கொஞ்ச நஞ்சம் இல்ல. ஒத்து வரலேன்னா நானும் பாப்பாவும் ஊருக்கு வந்துட்றோம். அவரு மட்டும் ஒரு கட்டில் எடம் புடிச்சு இருந்துக்குவாரு."

"உன் வேல?"

"வேலய வுட்டுட்டுத்தான் வரணும்."

அந்த "வுட்டுட்டு" என்ற சொல்லை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தப் பரீட்சையில் முதல் தடவை தவறியபோது அவள் மூன்று நாள் சரியாகச் சாப்பிடாதது எனக்குத் தெரியும். பேத்திக்கு நாலு வயது. இனி அவளுக்கு அப்பா என்றால் போன் கண்ணாடிக்குள் இருக்கும் ஒரு முகம்தான்.

"ஒண்ணும் கவலப்படாத. நான் வந்து பேசறேன்" என்றேன்.

என் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். "நீ போயி இன்னா பேசுவே? அவன் இன்னா உன் படகுக்காரனா?"

"வெலன்னா எல்லா ஊர்லயும் வெலதான்."

"பாஷை?"

"துண்ட உதறதுக்கு இன்னா பாஷை வேணும்?"

அவளுக்கு முட்டி வலி, விமானம் ஏற மாட்டேன் என்றுவிட்டாள். எனக்கு மட்டும் விசா வந்தது. புறப்படுவதற்கு முன் ஒரு சின்ன வேலையை முடித்துவிட்டுப் போனேன். பின்னாலிருந்த நாலு போர்ஷன்காரர்களையும் கூப்பிட்டு, அடுத்த மாதத்திலிருந்து வாடகை ஆயிரம் ரூபாய் கூடுதல் என்று சொல்லிவிட்டேன். விமான டிக்கெட் விலை ஏறிக்கிடக்கிறதே, நான் என்ன செய்வேன்.

மகள் அனுப்பும் படங்களில் எப்போதும் ஜன்னலுக்கு வெளியே ஒரு நீச்சல் குளம் தெரியும். அந்தப் படத்தை நான் ஐஸ் கட்டுகிறவர்கள், டீக்கடைக்காரர், கடைத்தெருவில் பீரோ விற்கும் பாய், எல்லோருக்கும் காட்டியிருக்கிறேன். போய்ப் பார்த்தால் குளம் எதிர்க் கட்டடத்துடையது. என் மகள் வாடகை கொடுப்பது குளத்துக்கு இல்லை, குளத்தைப் பார்ப்பதற்கு. அதுவும் பெரிய அறை ஜன்னலிலிருந்துதான் தெரியும்.

நான் உள்ளே நுழைந்து செருப்பைக் கழற்றியபோது, சின்ன அறைக் கதவு திறந்து முன்பின் தெரியாத ஒரு பெண் வெளியே வந்து, "நமஸ்காரம் பாபாய்" என்று தெலுங்கில் என்னைச் சித்தப்பாவாக்கிவிட்டுக் குளியலறைக்குள் போனாள். நான் மகளைப் பார்த்தேன்.

"ஷேரிங், நைனா."

"எத்தினி நாளா?"

"ரெண்டு வருஷமா. பெரிய ரூமு எங்களுக்கு, சின்ன ரூமு அவங்களுக்கு. ஹாலும் அடுப்பும் பொது."

"அப்ப நான்?"

"நீயும் பொது. ஹால்ல சோபா."

அந்தத் தெலுங்குப் பெண் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறாள். அவள் புருஷன் ஏசி ரிப்பேர் செய்பவன். விசாரித்தால் அவனும் எங்கள் ஏரிக்காரன். ஏரிக்கு அந்தப் பக்கம், எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டிப் போனால் வரும் ஆந்திரா கிராமம். எங்கள் ஆட்களும் அவர்கள் ஆட்களும் எல்லை எங்கே என்று தண்ணீரில் கோடு தேடி எத்தனையோ தடவை மண்டை உடைத்துக்கொண்டவர்கள். கடல் தாண்டி வந்து இரண்டு பேரும் ஒரே குளியலறைக்கு வரிசையில் நின்றோம்.

விலைவாசியைப் பற்றி எழுதினால் நான் பொய் சொல்வதாக நினைப்பீர்கள். கறிவேப்பிலையைப் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, எடை ஒட்டி, குளிர வைத்து விற்கிறார்கள். எங்கள் வீட்டுக் கொல்லையில் ஆடு தின்கிற இலை. நான் எதைப் பார்த்தாலும் மனசுக்குள் ரூபாயில் பெருக்கிப் பார்ப்பேன். பெருக்கியதும் அதைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடுவேன். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த மாப்பிள்ளை சொன்னார்.

"மாமா, பெருக்காதீங்க. பெருக்கினா இங்க தண்ணி கூட குடிக்க முடியாது."

"அப்ப நீங்க எப்படிக் குடிக்கிறீங்க?"

"கண்ண மூடிக்கினு."

அவர்கள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. மகள் சாயங்காலம் காய்கறிக்கு விலையைக் குறைத்துப் புதுச் சீட்டு ஒட்டும் நேரம் பார்த்துத்தான் கடைக்குப் போவாள். வாடிய கீரைக்கு அவளைப்போல் இன்னும் ஏழெட்டுப் பேர் கூடையோடு சுற்றிச் சுற்றி வருவார்கள், அங்கே சும்மா உலாவ வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. ஆஸ்பத்திரிக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் இறங்கி நடப்பாள். உடம்புக்கு நல்லது என்பாள். மாப்பிள்ளை மிஷின் வாங்கி வீட்டிலேயே முடி வெட்டிக்கொள்கிறார். முன்பக்கம் அவர் வேலை, பின்பக்கம் என் மகள் வேலை. நல்லவேளை, கிரேன் மேலே உட்கார்ந்திருப்பவரை யாரும் பின்னாலிருந்து பார்ப்பதில்லை.

ஒருநாள் மீன் மார்க்கெட்டில் பச்சை நண்டைப் பார்த்தேன். காலைக் கட்டி, ஈரத் துணி போர்த்தி, ஏசியில் வைத்திருந்தார்கள். என் மகளைவிட வசதியாக இருந்தது. விலையைக் கேட்டேன். பெருக்க மாட்டேன் என்று மாப்பிள்ளைக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். பெருக்கிவிட்டேன். நாற்பது வருடமாக நான் நண்டை விற்கவில்லை, தானம் செய்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை.

என் பணத்தைக் கொடுத்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். ஊரில் காலை டீ குடிப்பதற்குள் நான் கைமாற்றும் பணம் அங்கே போய் நின்றதும் குளித்த கோழி மாதிரி சின்னதாகிவிட்டது. மகளும் வாங்க மாட்டேன் என்றாள். "ஒரு வருசம் நீ குடுப்ப. அடுத்த வருசமும் அவரு ஏத்துவாரு நைனா." சரி, இங்கேயும் காலால்தான் வியாபாரம் என்று முடிவு செய்தேன்.

மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போனபின், ஊரிலிருந்து கொண்டுபோன காய்ந்த இறால் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, வேட்டி கட்டி, துண்டு போட்டு, கீழ்த்தளத்தில் இருந்த வாடகை ஆபீசுக்குப் போனேன். ஏஜெண்டு ஒரு மலையாளிப் பையன். சினிமா பார்த்துக் கற்ற தமிழ். நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, "சாரோட மகள் ரொம்ப நல்ல பார்ட்டி" என்றான். பொட்டலத்தை மேஜைமேல் வைத்தேன். அவன் முகர்ந்து பார்த்தான். கண் விரிந்தது. மீன் விழுந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"பழைய வாடகதான் தம்பி. அதுக்கு மேல ஒரு காசு இல்ல" என்றேன்.

"ஐயோ சார், இது ஓனர் சொல்லிய ரேட். எனக்கு ஒண்ணும் செய்ய முடியாது."

"ஓனர் எங்க?"

"ஓனரை நானும் பார்த்ததில்லை சார்."

"அப்ப நீ ஒரு வெல சொல்லு."

"சொன்னேனே சார். அந்தப் பேப்பர்ல உள்ளது."

இதற்கு மேல் பேசினால் நம் விலை இறங்கும். அது நாற்பது வருடப் பாடம். "சரி. உன் வீட்ட நீயே வச்சுக்கோ" என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டேன். எழுந்தேன். நடந்தேன்.

மேஜையிலிருந்து கண்ணாடிக் கதவுக்குப் பதினோரு அடி. அவசரப்படாமல் நடந்தேன். கூப்பிடுகிறவனுக்கு நேரம் கொடுக்க வேண்டும், அது மரியாதை. ஒன்பதாவது அடியில் கொஞ்சம் நின்று இடுப்பு வேட்டியைச் சரிசெய்தேன். கதவு என்னைப் பார்த்ததும் தானே திறந்தது. அந்த ஊரில் எனக்கு மரியாதை கொடுத்தது அது ஒன்றுதான். வெளியே பூந்தொட்டிப் பக்கத்தில் வெயிலில் நின்றேன். குரல் வரவில்லை. கண்ணாடி வழியாக மெல்லத் திரும்பிப் பார்த்தேன். பையன் ஒரு கையில் போனைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தான். இன்னொரு கையால் என் இறால் பொட்டலத்தின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

இங்கே கூப்பிடக் கொஞ்சம் தாமதமாகும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மேலே வந்துவிட்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. வேலை முடிந்தபின் ஒரேயடியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

மறுநாள் காலை மகள் வேலைக்குக் கிளம்பி, பேத்திக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். அழைப்பு மணி அடித்தது. நான்தான் கதவைத் திறந்தேன். ஏஜெண்டு. "கூப்பிட வந்துட்டான்" என்று உள்ளுக்குள் எனக்கு அப்படி ஒரு குளிர்ச்சி. அவனுக்குப் பின்னால் ஒரு புருஷனும் பெண்சாதியும் நின்றார்கள். அந்தப் பெண் கையில் அளவு நாடா.

"சாரி மேடம், டூ மினிட்ஸ். இவங்களுக்கு ஃபிளாட் ஒண்ணு பார்க்கணும்" என்றான் பையன்.

"எந்த ஃபிளாட்டு?" என்றாள் மகள்.

"இது. சார் நேத்து ஆபீஸ் வந்து காலி செய்யறதா சொல்லிட்டாரே."

அந்த ஜோடி அதற்குள் பெரிய அறைக்குள் போய்க் கட்டில் போடும் இடத்தை அளந்தது. ஜன்னலைத் திறந்து குளத்தைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்தார்கள். என் மகள் ஒரு கையில் பேத்தியின் ஒற்றை ஷூவோடு என்னைப் பார்த்தாள்.

"நைனா, இன்னா சொன்ன நீ?"

"ஒண்ணும் சொல்லல. வீட்ட நீயே வச்சுக்கோன்னேன்."

"வச்சுக்கோன்னியா?"

"பேச்சுக்குச் சொல்றதுதான்டி. எழுந்து நடந்தா அவன் கூப்பிட வேணாமா?"

"இங்க யாரும் கூப்பிட மாட்டாங்க நைனா." அவள் குரலை உயர்த்தவில்லை. "இங்க போறேன்னா, போன்னு அர்த்தம்."

ஏஜெண்டு மிகவும் பணிவாகச் சொன்னான். இன்னும் இரண்டு பார்ட்டி காத்திருக்கிறார்களாம். சனிக்கிழமைக்குள் புது வாடகைக்குக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் காலி செய்கிற தேதியை எழுதித் தர வேண்டும். போகும்போது என்னைப் பார்த்து, "கருவாட்டுச் செம்மீன் நல்ல டேஸ்ட் சார்" என்றான்.

மகள் அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் பையை எடுத்துக்கொண்டு பேத்தியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் சோபாவில் உட்கார்ந்து, நாற்பது வருடமாக என்னைக் கூப்பிட்ட ஒவ்வொரு படகுக்காரனையும் நினைத்துக்கொண்டேன். அவர்கள் எனக்குப் பயந்து கூப்பிட்டார்கள் என்றல்லவா நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அன்று சாயங்காலம் ஹாலில் பஞ்சாயத்து. மாப்பிள்ளை சோபாவின் ஒரு ஓரம், தெலுங்குப் பையன் நாற்காலியில், அவன் மனைவி கதவு நிலையில் சாய்ந்தபடி. மகள் அடுப்படியில் இருந்தாள். பாத்திரம் வைக்கிற சத்தத்திலேயே அவள் கோபம் தெரிந்தது.

கணக்கு எளிதானது. ஏறிய வாடகையை இரண்டு குடும்பமும் சேர்ந்து சுமந்தால்தான் சுமக்க முடியும். தெலுங்குக் குடும்பம் கிளம்பிவிட்டால் சனிக்கிழமையோடு என் மகளும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"ஏறினதுல பாதி நீங்க, பாதி நாங்க" என்றார் மாப்பிள்ளை.

"சின்ன ரூமுக்கு எதுக்குண்ணா பாதி?" என்றான் தெலுங்குப் பையன். எங்கள் பக்கத்துத் தமிழ்தான் அவனுக்கும், ஓரத்தில் தெலுங்கு ஒட்டியிருக்கும். "உங்க ரூமுக்குள்ளயே பாத்ரூம். உங்களுக்கு ஜன்னல், குளம். எங்களுக்கு சுவரு. ரெண்டு வருசமா சுவத்தையே பாத்துக்கினு இருக்கோம். ஏத்தினது குளத்துக்குத்தான ஏத்தினாங்க? நீங்களே கட்டுங்க. நாங்க அஜ்மான் பக்கம் போயிட்றோம், அங்க கம்மி."

"அந்தக் குளத்துல நாங்க குளிக்கறோமா?" என்றார் மாப்பிள்ளை.

"பாக்கறீங்க இல்ல?"

நான் சும்மா இருந்திருக்கலாம். முந்தின நாள் செய்த வேலைக்கு ஒருநாளாவது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் ஏரிக்கு அந்தப் பக்கத்துக்காரன் என் மாப்பிள்ளையை மடக்கும்போது எப்படிச் சும்மா இருப்பது?

"இன்னாப்பா, ஏரிலதான் எங்க எல்லைக்குள்ள வந்தீங்க, இங்கயுமா?" என்றேன்.

அவன் என் பக்கம் திரும்பினான். "பாபாய், நல்ல எடத்த நீங்க வெச்சுக்கினு, மிச்சத்த அடுத்தவனுக்குத் தள்றது உங்களுக்குப் பழக்கம்தான்."

எனக்குச் சுருக்கென்றது. "எவன்டா சொன்னான்? எங்க ஏரில எவனுக்கும் நல்ல எடம் சொந்தமில்ல, தெரியுமா? நான் மூணு மாடி வச்சிருக்கறவன், எனக்கும் இல்ல. பாடு போட்டுத்தான் எறங்குவோம். இன்னிக்கு முன்னால நிக்கறவன் நாளைக்குக் கடைசில நிப்பான்."

அடுப்படியிலிருந்து மகள் குரல் வந்தது. "அப்பறம் இன்னா நைனா? இங்கயும் பாடு போட்டுடேன். வாய் மட்டும்தான அங்கயும் இங்கயும்."

என்னைக் குத்துவதற்காகத்தான் அவள் சொன்னாள். தெலுங்குப் பெண் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"எந்துக்கு கூடாது?" என்று கேட்டாள். ஏன் கூடாது என்று. "எங்க நாயனா ஊர்லயும் பாடு உண்டு."

பாடு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஒரே மாதிரி விழாது. முகத்துவாரத்துப் பக்கம், தண்ணீர் உள்ளே வந்து வெளியே போகிற வழியில் வலை கட்டினால் குண்டான் நிறையும். தள்ளிக் கட்டினால் குழம்புக்குத்தான் ஆகும். பலம் உள்ளவன் நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றவன் வீட்டில் உலை வைக்க முடியாது. அதனால் கோயிலில் கூடி, குடும்பத் தலைவர்கள் பேரை எழுதிச் சீட்டுக் குலுக்குவோம். வரிசைப்படி இன்றைக்கு ஒருவனுக்கு நல்ல இடம், நாளைக்கு வேறொருவனுக்கு. தண்ணீருக்குப் பட்டா கிடையாது, முறைதான் உண்டு. இதை மீறியவனோடு ஊரில் பேச்சுவார்த்தை நிற்கும், அபராதமும் உண்டு.

அதையே அங்கே போட்டோம். பெரிய அறை இரண்டு மாதம் ஒரு குடும்பத்துக்கு, அடுத்த இரண்டு மாதம் இன்னொரு குடும்பத்துக்கு. வாடகை சரிபாதி. சின்ன அறையில் இருப்பவர்களுக்குக் காலையில் அடுப்பு முதலில். யோசனை என்னுடையது என்றுதான் ஊரில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். எழுதும்போது மட்டும் கை கூசுகிறது. மகள் இதைப் படிப்பாள்.

சோறு வடிக்கிற குண்டானில் இரண்டு சீட்டு. பேத்தி கையை விட்டு ஒன்றை எடுத்தாள். என் பேத்தி, என் ரத்தம், நேராகத் தெலுங்குக்காரன் சீட்டை எடுத்துக் கொடுத்தாள்.

அவன் எழுந்து நின்று என்னிடம் சொன்னான். "பாபாய், எல்லை தாண்டிட்டோம்."

"ரெண்டு மாசம்தான்டா. அலையாத" என்றேன்.

மறுநாள் லீவு நாள். பெரிய அறையிலிருந்து மகளின் பீரோவை வெளியே எடுக்க வேண்டும். கப்பலிலிருந்து வீடு அளவு பெட்டிகளைத் தூக்கி மயிரிழை தவறாமல் லாரியில் வைக்கிற என் மாப்பிள்ளையால் ஒரு பீரோவைக் கதவு வழியாக வெளியே எடுக்க முடியவில்லை. இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார், கதவு நிலையில் நன்றாகக் கீறல் போட்டார். கடைசியில் தெலுங்குப் பையன் ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவந்து பலகை பலகையாகக் கழற்றினான். நான் மேற்பார்வை பார்த்தேன். மூன்று பேரும் அதைப் பாராட்டவில்லை. மகள் ஜன்னல் பக்கம் வந்து குளத்தை ஒரு தடவை பார்த்தாள்.

"ரெண்டு வருசமா இங்கதான் இருந்தது, ஒரு நாள்கூட நின்னு பாக்கல" என்றாள். பிறகு என்னிடம், "வாடின கீரை வாங்கவே நேரம் சரியா இருந்துச்சு நைனா" என்றாள். முந்தின நாள் காலையில் ஏறிய கோபம் அன்றைக்குத்தான் இறங்கியது.

சனிக்கிழமை அவள் போய்க் கையெழுத்துப் போட்டாள். என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஓனர் ஒரு காசு குறைக்கவில்லை. இவள் கேட்டுக் கேட்டு, வருட வாடகையை நாலு செக்காக இல்லாமல் ஆறு செக்காகப் பிரித்துக் கொடுக்க ஒப்புக்கொள்ள வைத்தாள். அது இறாலின் வேலை என்று நான் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை, யாரும் காதில் வாங்கவில்லை என்பதுதான் சரி.

நான் ஊர் திரும்பியபோது வீட்டில் மனைவி முதலில் கேட்டது, "பேசி முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன். உலகமே திரும்பிப் பாத்தது."

"பொண்ணு போன்ல எல்லாம் சொல்லிட்டா" என்றாள். "நீ குளிச்சிட்டு வா. பின்னாடி கடைசி போர்ஷன்காரர் ரெண்டு தடவ வந்துட்டுப் போனாரு. மத்தவங்க ஆயிரம் ஏத்திக் குடுத்துட்டாங்க. அவரு உன்கிட்ட பேசணுமாம்."

கடைசி போர்ஷனில் இருப்பவர் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுபவர். சுண்ணாம்புக்குளத்துக்காரர். மீன்பிடிக் குடும்பம்தான், ஏரியில் வருமானம் போதாமல் லாரி ஏறியவர். நான் சாப்பிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்ததும் வந்தார்.

"மொதலாளி, தொபாய் எல்லாம் எப்படி?"

"நல்லாருக்கு. எல்லாத்தையும் ஏசில வச்சிருக்கான். இன்னா விஷயம்?"

"ஆயிரம் முடியாது மொதலாளி. பாலு ஏறிப்போச்சு, கேஸ் ஏறிப்போச்சு, பெரியவனுக்கு ஸ்கூல் பீஸு. பேட்டா மட்டும் அப்படியே நிக்குது. பழைய வாடகயே இருக்கட்டும்."

என் வாய் தானாகத் திறந்தது. "நானா ஏத்தறேன்? வெலவாசி ஏத்துது. எனக்கு ஒண்ணும் செய்ய முடியாதுப்பா." சொன்ன பிறகுதான் இதை எங்கே கேட்டேன் என்று நினைவு வந்தது. எங்கே கேட்டேனோ அங்கே நாற்காலியும் தண்ணீரும் கொடுத்தார்கள். நான் இவரை நிற்க வைத்துப் பேசிக்கொண்டிருந்தேன்.

"சரி மொதலாளி. உங்க வீட்ட நீங்களே வச்சுக்கோங்க" என்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரு உதறு உதறினார். மறுபடி தோளில் போட்டார். திரும்பி நடந்தார்.

என் நாற்காலியிலிருந்து கேட்டுக்கு எத்தனை அடி என்று நான் அதுவரை எண்ணியதில்லை. அன்றைக்கு எண்ணினேன். அவர் அவசரப்படாமல் நடந்தார். பின்னால் போர்ஷனுக்குப் போகும் சந்து முனையில் அவர் மனைவி இடுப்பில் பிள்ளையோடு நின்று அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். என் மனைவி நிலைப்படியில் நின்று அவளும் என்னைத்தான் பார்த்தாள். கேட்டுக்கு இரண்டடி இருக்கும்போது அவர் நின்று, அவிழாத லுங்கியை அவிழ்த்துக் கட்டினார். அந்த இடத்தை எனக்கு நன்றாகத் தெரியும். என் ஒன்பதாவது அடி.

கேட்டில் கை வைத்தார்.

"யோவ், இன்னாய்யா, கோச்சுக்கினு போற?" என்றேன். "வா, வா."

அவர் உடனே திரும்பவில்லை. இரண்டு மூச்சு விட்டுவிட்டுத்தான் திரும்பினார். தொழில் தெரிந்தவர். வந்து, நான் இழுத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"கேட்டு வரைக்கும் போயிட்டேன். கூப்பிட மாட்டீங்களோன்னு பயமாயிடுச்சு மொதலாளி" என்றார் தாழ்ந்த குரலில்.

"கூப்பிடாம?"

இருநூறு ரூபாய் ஏற்றத்தில் முடிந்தது. மற்ற மூன்று போர்ஷன்காரர்களிடமும் எண்ணூறு எண்ணூறாகத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி என் மனைவி உத்தரவு போட்டாள். அதையும் என் பெருந்தன்மை என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். பேச்சு முடிந்ததும் அவள் இரண்டு பேருக்கும் டீ கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு நான் அவளைப் பார்த்தேன். சர்க்கரை இல்லை.

"வெலவாசி" என்றாள்.

லாரிக்காரர் டீயில் சர்க்கரை இருந்தது.